தொண்டை பலவீனமான பிள்ளை

ஜனவரி 18

குட்டிக்கு,

ஏழு வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறேன். உன் போன் நம்பர் மாறிவிட்டது. நீ வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியின் முகவரி மட்டும் அம்மாவின் பழைய நோட்டில் இருந்தது. கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இருந்தால் இதைப் படிப்பாய்.

நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் படி ஏற மாட்டேன் என்கிறது. அதே மாதா கோயில் பங்கு அலுவலகம், அதே மேஜை, அதே ஞானஸ்நானப் பதிவேடுகள். கோயிலுக்குப் பின்னால் அதே இரண்டு அறை வீடு. அம்மாவின் கட்டிலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தையல் மெஷினைப் போட்டிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். சிறார் பாதுகாப்புக்கென்று பிஷப்பின் மறைமாவட்ட அலுவலகத்திலிருந்து நாற்பது பக்கத்தில் ஒரு கொள்கைப் புத்தகம் வந்திருக்கிறது. ஆறு மாதமாக இங்கே அதே பேச்சுதான். மறைக்கல்வி வகுப்பறைக் கதவுகளில் எல்லாம் கண்ணாடி பதித்தாகிவிட்டது. பெரியவர் ஒருவரும் பிள்ளை ஒன்றும் ஓர் அறையில் தனியாக இருக்கக் கூடாது. பிள்ளைகளோடு பழகுகிற எல்லோரும், பீடத்துக்குப் பூ வைக்கிற அம்மா உட்பட, படிவம் நிரப்ப வேண்டும். பங்குக்கு ஒரு பாதுகாப்புப் பொறுப்பாளர் வேண்டுமாம். ஃபாதர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "நீங்களே இருந்துடுங்கக்கா, உங்களுக்குத்தான் எல்லாரையும் தெரியும்" என்றார். இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழோடு வந்தேன். ஐம்பத்தோரு வயதில் கிளாசில் உட்கார்ந்து நோட்ஸ் எடுத்த என்னை நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய்.

இது போதாதென்று பாடற்குழுப் பெண் ஒருத்தி என் உயிரை வாங்குகிறாள். பத்து வயது இருக்கும். பயிற்சி நேரத்தில் நைசாக அலுவலகத்துக்கு வந்து, "ஆன்ட்டி, பென்சில் சீவித் தரட்டுமா?" என்று நிற்பாள். முழுப் பென்சில் கட்டைவிரல் அளவுக்கு வரும்வரை சீவிக்கொண்டே இருக்கிறாள். போன வாரம் ஒரு டஜன் காலி. "போதும்மா, போய்ப் பாடு" என்றால் காது கேட்காத மாதிரி இருக்கிறாள்.

பாட்டு சாரின் படிவம் என் மேஜையில் இருக்கிறது. அறுபத்தேழு வயதிலும் பிள்ளைகள் பாடற்குழுவை அவர்தான் நடத்துகிறார். படிவத்தின் கடைசியில் பொறுப்பாளர் கையெழுத்துப் போட வேண்டிய வரி ஒன்று உண்டு: 'இவரைப் பற்றி எனக்குத் தெரிந்து எந்தப் புகாரும் கவலையும் இல்லை.' பிப்ரவரி 28க்குள் அனுப்ப வேண்டும். நீயும் அவரிடம் பாடினவள், உன்னையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தோன்றியது. 'ஒன்றும் இல்லை' என்று ஒரு வரி எழுதி அனுப்பு, போதும். நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

உன் அக்கா


ஜனவரி 27

அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு நாள் லாக்கரில் போட்டு வைத்திருந்துவிட்டுப் படித்தேன்.

என் வேலை என்ன என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிற கருவிகளைக் கழுவி, எண்ணி, துணியில் கட்டி, ஆவியில் சுத்தம் செய்து அனுப்புகிற பிரிவு. ஒவ்வொரு கட்டின் மேலும் கட்டினவளின் கையெழுத்து இருக்கும். உள்ளே ஒரு கத்தரி குறைந்தாலும் யாரைக் கேட்பது என்று எல்லோருக்கும் தெரியும். எண்ணாமல் கையெழுத்துப் போடுகிறவளை இங்கே ஒரு நாள் கூட வைத்திருக்க மாட்டார்கள். உங்கள் கோயிலில் வைத்துக்கொள்வார்கள் போலிருக்கிறது.

நீ கேட்டது கேள்வியே இல்லை. பதிலையும் நீயே எழுதி, கீழே என் பெயரைப் போடச் சொல்லியிருக்கிறாய். நான் போட மாட்டேன்.

அம்மாவின் அடக்கத்தன்று நான் கோயிலுக்குள் வராமல் வாசலிலேயே நின்றேன் என்று, கல்லறையில் அத்தனை பேர் முன்னால் என்னை "கல்நெஞ்சுக்காரி" என்றாய். அன்று கோயில் மாடியில் ஆர்கன் வாசித்துக்கொண்டு யார் உட்கார்ந்திருந்தது? ஏழு வருஷம் கழித்தாவது அதை யோசி.

அந்தப் பென்சில் பெண்ணைப் பற்றி வேடிக்கையாக எழுதியிருந்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் எந்தக் கிழமை வருகிறாள்? பயிற்சி இருக்கிற எல்லா நாளும் வருகிறாளா, அந்த ஆள் ஒவ்வொரு பிள்ளையாக மாடிக்குக் கூப்பிடுகிற நாள் மட்டும் வருகிறாளா? பார்த்து எழுது.

தங்கை


பிப்ரவரி 3

குட்டிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. சின்னப் பிள்ளையிலிருந்தே நீ இப்படித்தான், குத்துவாய், எதற்கு என்று சொல்ல மாட்டாய். சொல்வதென்றால் பளிச்சென்று சொல். இல்லையென்றால் விட்டுவிடு.

அம்மா கடைசி மூன்று நாளும் உன்னைத்தான் கேட்டாள். வாசல் வரை வந்தவளுக்கு நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லையே என்ற ஆற்றாமையில் அந்த வார்த்தை வந்துவிட்டது. அதைச் சொன்னதற்கு வருத்தப்படுகிறேன். ஆனால் எனக்கும் வலித்தது.

பாட்டு சார் நமக்குச் செய்ததையும் மறந்துவிட முடியாது. அப்பா இறந்த வருஷம் நாம் மூன்று பேரும் தெருவுக்கு வந்திருப்போம். அப்போதிருந்த ஃபாதரிடம் எனக்காகப் பேசி இந்த வேலையையும், வேலையோடு வீட்டையும் வாங்கிக் கொடுத்தது அவர். இப்போது கை நடுங்குகிறது. தாளைத் திருப்பக் கூட இன்னொருவர் வேண்டும். திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வந்து மேஜையை எட்டிப் பார்த்தார். "என்ன பாப்பா, என் தாள் இன்னும் இங்கேயே தூங்குது? முப்பது வருஷமா பாக்குற ஆளு, என்னைப் பத்தி உனக்குத் தெரியாததா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நானும் சிரித்தேன். அவர் போன பிறகு ஒரு சான்றிதழில் தகப்பன் பெயரையும் பிள்ளை பெயரையும் மாற்றி எழுதிவிட்டேன்.

கிழமை கேட்டாயே. அவள் வந்த நாட்களைக் காலண்டரில் பின்னோக்கிக் குறித்துப் பார்த்தேன். புதன். மூன்று வாரமும் புதன்தான். தனிக்குரல் பயிற்சி அன்றைக்குத்தான். மாடிக் கதவுக்கு மட்டும் இன்னும் கண்ணாடி போடவில்லை. கண்ணாடி வைத்தால் ஆர்கன் சத்தம் வெளியே போகும் என்று அவர் வேண்டாம் என்றுவிட்டார்.

ஒன்று செய்யலாம் என்று இருக்கிறேன். பெரிய விஷயமாக்காமல், அந்தப் பெண்ணின் அம்மாவிடம், பிள்ளைக்குத் தொண்டை பலவீனம் போலத் தெரிகிறது, பாட்டு வேண்டாம் என்று மெதுவாகச் சொல்லிப் பார்க்கிறேன். யாருக்கும் மனக்கஷ்டம் இருக்காது. உனக்கும் அப்படித்தானே செய்தேன்? பாடற்குழுவை விடக் கூடாது என்று அம்மா ஆடின ஆட்டத்துக்கு, தொண்டை பலவீனம் என்று சொல்லி உன்னை வெளியே எடுத்தது நான்தான். அதற்கு ஒரு நன்றி கூட நீ சொன்னதில்லை.

உன் அக்கா


பிப்ரவரி 10

அக்காவுக்கு,

உன் கடிதத்தை வேலை நேரத்தில் பிரித்தது தப்பு. அதற்கப்புறம் ஒரே கட்டிலிருந்த கருவிகளை மூன்று தரம் எண்ணினேன். மூன்று தரமும் வேறு எண் வந்தது. மேற்பார்வை அம்மா என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

பளிச்சென்று சொல் என்றாய். சொல்கிறேன்.

பதினோரு வயதில், பாட்டுக்குப் போக மாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். ஏன் என்றாள். பிடிக்கவில்லை என்றேன். கன்னத்தில் ஒன்று விட்டாள். உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நீ புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெருமையில் இருந்தாய், அதுவும் அந்த ஆள் வாங்கிக் கொடுத்த வேலை. வேறு யாரிடமும் சொல்லவில்லை. அறிவியல் நோட்டில் பாதித் தாளைக் கிழித்து எழுதி, மாதா சுரூபத்தின் காலடியில் இருக்கிற மன்றாட்டுப் பெட்டியில் போட்டேன். அதில் போடுவதை யாரும் படிக்க மாட்டார்கள், மாதாவுக்கு மட்டும்தான், மாதக் கடைசியில் பிரிக்காமலே எரித்துவிடுவார்கள் என்று மறைக்கல்வியில் சொல்லித் தந்திருந்தார்கள். அதை நம்பித்தான் எழுதினேன். இன்னும் எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது.

'மாதாவே, பாட்டு சார் புதன்கிழமை என்னை மட்டும் மாடியில் இருக்கச் சொல்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் வேறு ஊருக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் எனக்குத் தொண்டை கெட்டுப் போக வேண்டும்.'

பத்து நாள் கழித்து நீ அம்மாவிடம், "அவளுக்குத் தொண்டை பலவீனம்மா, விட்டுடு" என்றாய். எனக்கு அப்போது இருமல் கூட இல்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஈரத் தரையில் முழந்தாளிட்டேன். மாதா கேட்டுவிட்டாள் என்று அழுதேன். பிறகு கோயிலை வெறுத்தேன், பூசையை விட்டேன், அவளை மட்டும் விடவில்லை. என் லாக்கர் கதவின் உள்பக்கத்தில் அவள் படம் ஒட்டியிருக்கிறது.

தொண்டை என்று நான் அவளைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை அக்கா. உலகத்தில் இருக்கிற இத்தனை நோவில் உனக்கு அது எங்கிருந்து வந்தது? பெட்டிச் சாவி அப்போது யாரிடம் இருந்தது?

மாடியில் என்ன நடந்தது என்று உனக்கு எழுத மாட்டேன். கேட்க வேண்டியவர்கள் கேட்டால் சொல்வேன்.

தங்கை


பிப்ரவரி 19

குட்டி,

சாவி என்னிடம்தான் இருந்தது.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம். பெட்டியைத் திறந்து, தாள்களை இரும்புத் தட்டில் கொட்டி, கோயிலுக்குப் பின்னால் கொண்டுபோய் எரிக்க வேண்டும். நான் எதையும் பிரித்ததில்லை. அன்றைக்கு ஒரு தாளின் ஓரத்தில் பாதிப் பூ தெரிந்தது. செம்பருத்தியின் குறுக்குவெட்டுப் படம். உன் நோட்டில் எல்லாப் படமும் நான்தானே போட்டுத் தருவேன். என் பென்சில் கோடு எனக்குத் தெரியாதா? பிரித்தேன்.

புரியவில்லை என்று எழுதினால் பொய். இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்குப் புரியும். ஃபாதரின் அறைக் கதவு வரை போனேன். "பெட்டியில இருக்கறதைப் படிச்சியா?" என்றுதான் முதலில் கேட்பார் என்று தோன்றியது. அப்புறம் வீடு ஞாபகத்துக்கு வந்தது. அம்மா அப்போதுதான் ஜன்னலுக்குத் திரை தைத்து மாட்டியிருந்தாள். திரும்பி வந்து மற்றத் தாள்களோடு உன்னுடையதையும் எரித்தேன். மாதாவுக்கு எழுதினது மாதாவுக்கே போகட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு வாரம் யோசித்து, நீ கேட்ட இரண்டில் என்னால் முடிந்த ஒன்றைச் செய்தேன்.

மற்றப் பிள்ளைகளை நினைக்கவில்லை என்று எழுத வந்தேன். அதுவும் பொய்யாகத்தான் இருக்கும். ஒவ்வொரு வருஷமும் புதுப் பிள்ளைகள் அந்தப் படி ஏறும்போது நான் தலையைக் குனிந்துகொண்டு சான்றிதழ் எழுதிக்கொண்டிருந்தேன். என் கையெழுத்து மணிமணியாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள்.

பயிற்சியில் வந்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். "சந்தேகம் வந்தா நீங்களே விசாரிக்காதீங்க, யாருக்கும் சமாதானம் பண்ணாதீங்க, அன்னைக்கே தெரிவிங்க." நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு நேராக வீட்டுக்கு வந்து உனக்குக் கடிதம் போட்டேன். நீ 'ஒன்றும் இல்லை' என்று எழுதிவிட்டால், அந்தத் தாளை நான் படித்ததே இல்லை என்று ஆகிவிடும் அல்லவா? அதற்காகத்தான்.

நேற்று புதன். இரண்டு டப்பா புதுப் பென்சில் வாங்கி வைத்திருந்தேன். அவள் வந்தாள், சீவினாள். அவர் கீழே இறங்கி வந்து கதவில் நின்று, "பிள்ளையை அனுப்பு பாப்பா" என்றார். "சீவி முடிக்கட்டும் சார்" என்றேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். என் வீரம் அவ்வளவுதான்.

படிவம் இன்னும் மேஜையில்தான் கிடக்கிறது.

அக்கா


பிப்ரவரி 23

அக்கா,

லாக்கரிலிருந்த படத்தை எடுத்துவிட்டேன். எங்கே வைப்பது என்று தெரியாமல் கைப்பையில் கிடக்கிறது.

பென்சில் வாங்கினாய், சரி. ஒரு பிள்ளைக்குப் பென்சில் இருக்கிறது. அவளுக்குப் பதிலாக அந்தப் புதன் மாடிக்குப் போனது யார்?

நான் சாட்சி சொல்கிறேன். யாரிடம், எங்கே என்று மட்டும் சொல். உனக்காகச் செய்வதாக நினைத்துக்கொள்ளாதே.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் இன்னொரு புதன் போய்விடும். அக்காவும் தங்கையும் உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம். கீழே என் நம்பர் இருக்கிறது.

தங்கை


மார்ச் 12

குட்டி,

நான் போனில் விவரத்தைச் சொன்னபோது நீ "சரி" என்ற ஒரு வார்த்தைதான் சொன்னாய். வாயால் முழுதும் சொல்ல எனக்கு வரவில்லை. மிச்சத்தை எழுதுகிறேன்.

உன் கடிதம் 26ஆம் தேதிதான் வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பே, செவ்வாய்க்கிழமை, படிவத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். மறைமாவட்டப் பாதுகாப்புக் குழுவில் ஒரு வக்கீலம்மாவும் ஒரு டாக்டர் சிஸ்டரும் இருந்தார்கள். பாட்டு சாரின் படிவத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னேன். புகார்ப் படிவம் கொடுத்தார்கள். அதில் ஏழாவது கட்டத்தில், 'இதை முதலில் அறிந்தவர் யார்? எந்தத் தேதியில்?' என்று இருந்தது. பேனா நின்றுவிட்டது. வக்கீலம்மா நல்ல எண்ணத்தில், "தங்கச்சி எழுதி இந்த மாசம்தானே உங்களுக்குத் தெரியும், அந்தத் தேதியைப் போடுங்கக்கா" என்றார்.

இருபத்தொன்பது வருஷத்துக்கு முந்தின தேதியைப் போட்டேன். பெயர் என்ற இடத்தில் என் பெயர். அவர் இரண்டு தரம் படித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு என்னிடம் "அக்கா" என்று பேசவில்லை.

அன்றே போலீசுக்குத் தெரிவித்தார்கள். மறுநாள் புதன், மாடிக் கதவுக்குப் பூட்டு. பாட்டு சாரைக் கோயில் பக்கமே வரக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். விசாரணை நடக்கிறது. பாதிப் பேர், வயசான மனுஷனை இந்தப் பாடு படுத்துகிறேன் என்று என்னை ஏசுகிறார்கள். மீதிப் பேர் என்னிடம் பேசுவதில்லை. ஃபாதர், "அந்தக் கட்டத்தை நீங்க காலியா விட்டிருக்கலாமேக்கா" என்றார்.

ஞாயிறு பூசைக்குப் பிறகு ஒருத்தி வந்தாள். பேங்கில் வேலை பார்க்கிறவள், உனக்கு ஏழெட்டு வருஷம் பிந்தி அங்கே பாடினவள். பள்ளிக்கூடத்தில் சேர அவளுக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் எழுதிக் கொடுத்ததே நான்தான். மேஜைக்கு முன்னால் நின்று, "ஆன்ட்டி, மாடிப்படி ஏறறப்ப எல்லாம் நான் திரும்பி உங்களைப் பார்ப்பேன். நீங்க நிமிர்ந்து பார்த்தா சொல்லிடலாம்னு இருப்பேன்" என்றாள். சத்தம் போடவில்லை. போய்விட்டாள். ஏசுகிறவர்கள் எவ்வளவோ தேவலை.

தெரிந்தும் மறைத்தவள் பொறுப்பில் இருக்கக் கூடாது என்று கொள்கையிலேயே இருக்கிறது. முப்பத்திரண்டாம் பக்கம். சாவிக் கொத்தை ஒப்படைத்துவிட்டேன். இந்த மாதக் கடைசிக்குள் வீட்டையும் காலி செய்ய வேண்டும். பெண்கள் விடுதி ஒன்றில் அறை பேசியிருக்கிறேன். தையல் மெஷினுக்கு அங்கே இடம் இருக்கிறது.

மன்றாட்டுப் பெட்டியை இனி இரண்டு பேர் சேர்ந்து திறந்து, படித்துவிட்டுத்தான் எரிக்க வேண்டுமாம். "மாதாவுக்கு எழுதினதை மனுஷங்க படிக்கிறதா?" என்று அதற்கும் சண்டை நடக்கிறது.

உன்னிடம் நன்றி கேட்டு எழுதியிருந்தேன். அந்த வரியை மட்டும் கிழித்துப் போட்டுவிடு.

அக்கா


மார்ச் 19

அக்கா,

26ஆம் தேதி காலை பத்து மணிக்கு வாக்குமூலம் கொடுக்க என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று நாள் லீவு போட்டிருக்கிறேன். உன்னை வந்து பார்ப்பேனா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. வாசலில் வந்து காத்திருக்காதே.

அந்த வரியைக் கிழிக்கவில்லை. என்னை அந்த மாடியிலிருந்து இறக்கினது நீதான். அதற்கு நன்றி. இதை எழுத நான்கு தாள் வீணாகிவிட்டது. மற்றதை மன்னிக்க நான் யார்? அந்த பேங்க் பெண்ணைப் போய்க் கேள்.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். என்னைக் காப்பாற்றினது மாதா என்று நம்பினேன். அதனால் வாயே திறக்கவில்லை. எனக்குப் பிறகு படி ஏறுகிற பிள்ளைகளையும் அவளே பார்த்துக்கொள்வாள் என்று இருந்துவிட்டேன். பாடற்குழுவில் என் இடத்தில் யாரை நிறுத்தினார்கள் என்று கூட ஒரு நாள் கேட்டதில்லை. பதினோரு வயதில் அப்படி நினைத்ததற்கு யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் முப்பது வயதிலும் அப்படியேதான் நினைத்தேன்.

அதனால் ஒரு காரியம் செய். அந்தப் பென்சில் பெண்ணை நீ பார்க்கக் கூடாது என்று சொல்லியிருப்பார்கள். அவள் அம்மாவிடமோ வக்கீலம்மாவிடமோ சொல்லி அனுப்பு. இதை மாதா செய்யவில்லை, அலுவலகத்தில் இருந்த ஆன்ட்டி பார்த்தாள், பஸ் ஏறிப் போய் எழுதிக் கொடுத்தாள் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். ரொம்பத் தாமதமாகப் போனாள் என்பதையும் சேர்த்தே சொல்லட்டும். நாளைக்கு அவள் வேறு ஒரு பிள்ளையைப் பார்த்தால் வானத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது.

இன்னொன்றும் சொல்லச் சொல். அவள் தொண்டையில் ஒரு குறையும் இல்லை, பிடித்தால் எங்கே வேண்டுமானாலும் பாடலாம் என்று. எனக்கு அதை யாரும் சொல்லவில்லை.

தங்கை